காய்ச்சல் லீவு போட்ட நாட்கள்

கோமதியின் வலது கையில் பன்னிரண்டு வளையல் ஏற்றிவிட்டேன். இடது கை என் மடியில் இருந்தது. எனக்கு வேண்டியது அந்த இடது கையின் மோதிர விரல்தான்.

பக்கத்தில் வளையல் பெட்டி திறந்திருந்தது. மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். அவற்றுக்கு அடியில் ஒரு வெல்வெட் துணி. துணிக்கு அடியில் ஒரு ஊசி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சு, ரத்தம் தடவ இரண்டு கண்ணாடி ஸ்லைடு.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் கோமதியின் மாமியார் பச்சையம்மாள். கண் கொட்டாமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மூஞ்சிய கொஞ்சம் காட்டக் கூடாதா? யாரு கையால எம்மருமக வளையல் போட்டுக்கறான்னு தெரிய வேணாவா?"

"கொரோனாங்கம்மா. மாஸ்க்க எடுத்தா ஃபைன் போட்டுடுவாங்க."

"ஆமாமா. போட்டுக்க, போட்டுக்க" என்று அவரே தன் முந்தானையை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

நான் வளையல்காரி இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். அந்த உண்மை அப்போது அந்த வாசலில் வெளியே வந்திருந்தால், மூலையில் சாத்தியிருந்த விளக்குமாறு சும்மா இருந்திருக்காது. கோமதிக்கு ஏழாம் மாதம். அவள் ரத்தத்தில் மலேரியா இருக்கிறதா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்த வேஷம்.

போன வாரம் கொரோனாக் குச்சியை மூக்கில் விட்ட கதையை எழுதியதும், சாப்பிட்டுக்கொண்டே படித்துவிட்டேன் என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டார். இந்த வாரம் ரத்தம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஜன்னலுக்குள் ஒரு கை

கொரோனாவுக்கு முன்னால் ஊரில் யாருக்கும் என் முகம் தெரியாது. என் லேபுக்கு ஒரு சின்ன ஜன்னல். வெளியிலிருந்து விரலை உள்ளே நீட்டுவார்கள். நான் குத்தி, பிழிந்து, ஸ்லைடில் தடவி, பஞ்சை வைத்து விரலைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவர்களுக்கு நான் ஒரு கை, ஒரு குரல். எனக்கு அவர்கள் ஆயிரம் விரல்கள்.

குத்துவதற்கு முன் "எறும்புதான், எறும்புதான்" என்று சொல்வது என் பழக்கம். மீசை வைத்த ஆண்பிள்ளைகள் கூட அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டால்தான் விரலைத் தளர்த்துவார்கள். ஊரில் எனக்கு லேப்பம்மா என்று பேர். ஜரீனா என்ற என் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

மலேரியா பார்க்கிற ஸ்லைடுக்கு நீலச் சாயம் போடுவோம். பல வருஷமாக என் நகக்கண்ணில் அந்த நீலம் போகவே போகாது. கல்யாண வீடுகளில் மருதாணி வைத்துக்கொண்டாலும் ஓரத்தில் நீலம் எட்டிப் பார்க்கும். என் வீட்டுக்காரர், நீ சாப்பாடு பிசைவதைப் பார்த்தால் எனக்குப் பசி அடங்கிவிடுகிறது என்பார். ஆனால் அடங்கி நான் பார்த்ததில்லை.

என் வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்லைடில் மலேரியா தெரிந்தால் அன்றைக்கே கிராம நர்ஸுக்குப் போன் செய்வேன். தெரியாவிட்டால் போன் கிடையாது. லேப்பம்மா போன் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். எங்கேயும் எழுதிவைக்காத சட்டம் அது. எல்லோரும் நம்பினார்கள். நானும்தான்.

கொரோனா வந்தது. என்னைக் கொண்டுபோய் வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மூக்கில் குச்சி விடும் கேம்ப்பில் போட்டார்கள். லேபுக்குப் பூட்டு. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கண்ணாடி, கையுறை. பிறகு கிராமம் கிராமமாகவும் அதே கோலத்தில் போனேன். லேப்பம்மா என்று கூப்பிட்ட ஊர் மூக்குக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தது. என் வண்டி தெருமுனையில் திரும்பினால் போதும், பெண்கள் பொங்கிக்கொண்டிருக்கும் சோற்றைக்கூட விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கமாக ஓடுவார்கள்.

இதற்கு நடுவே ஒரு நல்லது நடந்தது. நகக்கண்ணில் இருந்த நீலம் போய்விட்டது. அது நல்லதில்லை என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

போன் வராத வீடு

ஊர் கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில் உள்ளே ஒதுங்கி இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் பச்சையம்மாள் பஸ் ஏறி இந்தப் பத்திரிகை ஆபீசுக்கே வந்துவிடுவார்.

கோமதியும் அவள் புருஷனும் சென்னையில் கட்டட வேலையில் இருந்தவர்கள். லாக்டவுன் போட்டதும் பைக்கில் ஊர் திரும்பினார்கள். பிறகு புருஷன் மட்டும் அங்கே வாட்ச்மேன் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். அதற்கு முந்தின பிள்ளை, சென்னையில் தகரக் கொட்டகையில் இருந்தபோது, இதே ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அப்போதும் காய்ச்சலாம். என்ன காய்ச்சல் என்று யாரும் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்த வாரமே அவளுக்கு ஒருமுறை குளிர் கண்டது. கிராம நர்ஸ் செல்வி விரலில் ரத்தம் எடுத்து, ஸ்லைடில் தடவி, வழக்கம்போல என் லேப் ஜன்னல் வழியாகப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனாள். செல்வி கெட்டிக்காரி. ஆனால் ஒரே ஆள். மூன்று ஊர் கர்ப்பிணிகள், தடுப்பூசி, தனிமைப்படுத்தின வீடுகள் எல்லாம் அவள் தலையில் விழுந்திருந்தன. செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கிற கர்ப்பிணிகள் கேம்ப்பும் நின்றுபோயிருந்தது.

என் போன் வரவில்லை. ஒன்றும் இல்லை என்று செல்வி நினைத்தாள். பச்சையம்மாளும் அப்படியே நினைத்தார்.

ஜன்னலுக்கு உள்ளே ஆளே இல்லை என்பது மூன்று பேருக்கும் தோன்றவில்லை. மூன்று பேரில் நானும் ஒருத்தி.

இரண்டு நோட்டு

அந்த ஊரில் காய்ச்சல் கணக்கெடுக்க ஏழுமலை என்று ஒருவரைப் போட்டிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர். முன்பு தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு பார்த்து மருந்து ஊற்றுகிற வேலை. கொரோனா வந்ததும் மருந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டு நெற்றியில் நீட்டிச் சூடு பார்க்கும் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கொசுவுக்கு அது கொண்டாட்டமாகப் போயிற்று. ஏழுமலைக்கோ போலீஸ் வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

ஊரில் இரண்டே தெரு. ஒரு நாள் மேட்டுத் தெரு, மறுநாள் ஏரிக்கரைத் தெரு. ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குச்சிகள் வாங்க நான் போயிருந்த ஒரு நாள், நோட்டைப் பிரித்து என் முன்னால் நீட்டினார்.

"பாருங்க மேடம். ஏரிக்கரைத் தெருவுல மாசம் பூரா ஒரு காய்ச்சல் கெடையாது. நம்ம கண்ட்ரோல்."

பக்கத்தில் செல்வி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். "ஜரீனாக்கா, அந்தத் தெரு கோமதிக்கு முந்தாநேத்து வாசல்லயே நின்னு ரத்தம் பார்த்தேன். ஹீமோகுளோபின் மளமளன்னு எறங்கிக்கினு போவுது. கண்ணு வெளுத்துக்கெடக்கு. கேட்டா, நல்லாத்தான் கீறேன்கறா. அவ மாமியாரு இனிமே வாசலுக்கே வராதேன்றாங்க."

"போன்ல பேசினியா?"

"தினம் பண்றேன். ஒருநா எடுக்கறா, ஒருநா எடுக்கறதில்ல."

செல்வி தன் நோட்டைக் காட்டினாள். கோமதி பெயருக்கு நேரே போன் எடுத்த நாளில் டிக், எடுக்காத நாளில் கோடு. டிக், கோடு, டிக், கோடு என்று பாவாடை ஓரத்துத் தையல் மாதிரி ஓடியது.

ஏழுமலையின் நோட்டை வாங்கி அதன் பக்கத்தில் வைத்தேன். அவர் ஏரிக்கரைத் தெருவுக்குப் போன நாளெல்லாம் கோமதி போனை எடுத்திருந்தாள். அவர் மேட்டுத் தெருவுக்குப் போன நாளெல்லாம் எடுக்கவில்லை.

மலேரியாவில் ஒரு ரகம் உண்டு. ஒரு நாள் போட்டு ஆட்டும், மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி விட்டுவிடும், அதற்கு மறுநாள் மீண்டும் வரும். ஏழுமலை முறைவைத்துத் தெருவுக்கு வந்தார். காய்ச்சலும் முறைவைத்துக் கோமதிக்கு வந்தது. இருவரும் ஒரு நாளாவது நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளவில்லை.

அன்று டிக் நாள். செல்வி போனைப் போட்டு என்னிடம் கொடுத்தாள். கோமதி குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஆமாங்கக்கா. மத்தியானம் குளுரு தூக்கிப்போடும். ரெண்டு கம்பளி போத்தினாலும் நிக்காது. அப்பறம் ஒடம்பு நெருப்பா சுடும். பொழுது சாயறப்ப வேர்த்து வுட்டுரும். மறுநாளு ஒண்ணும் இருக்காது."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"அத்தை வேணாங்கறாங்க. ஏழுமலை மாமா வர்ற அன்னிக்கு மட்டும் காய்ச்சல் வர்றதில்லையா, பச்சையம்மன்தான் காப்பாத்தறான்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. மலேரியா தாயின் ரத்தத்தை வற்றடிக்கும். வயிற்றுப் பிள்ளைக்குப் போகிற சத்தை வழியிலேயே மறிக்கும். பிள்ளை சிறுத்துப் பிறக்கும், இல்லாவிட்டால் பிறக்காமலே போகும். ஏற்கனவே ஒன்று போனவள் இவள்.

நேரே லேபைத் திறக்கச் சொன்னேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. கபசுரக் குடிநீர்ப் பொடி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். என் மைக்ராஸ்கோப் எந்த மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஜன்னலடியில் ஸ்லைடு பெட்டி மட்டும் அப்படியே இருந்தது. கோமதியின் பெயர் எழுதின ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

சுத்தமான கண்ணாடி. சாயம் போடாத ரத்தத்தை விட்டுவைத்தால் எறும்பு தின்றுவிடும். வரிசையாக எல்லா ஸ்லைடுகளையும் துடைத்து வைத்த மாதிரி தின்றிருந்தன. எறும்புதான் எறும்புதான் என்று இத்தனை வருஷம் சொல்லி ஊரை ஏமாற்றினேன் அல்லவா, நிஜ எறும்பு வந்து பதில் சொல்லிவிட்டது. அந்த மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். செல்வி கதவைச் சாத்தினாள்.

மாமாவின் பெட்டி

பச்சையம்மாள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்து நாளுக்கு முன்னால்தான் மேட்டுத் தெருவில் ஒரு வீட்டுக்குக் கொரோனா என்று தகரம் அடித்தார்கள். அந்த வீட்டுப் பாலை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மாடு கறந்த பாலை அவர்கள் தென்னைக்கு ஊற்றியதை ஊரே பார்த்தது. பச்சையம்மாள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள்தான் சோறு போடுகின்றன. காய்ச்சல் என்று ஒருத்தி வாயைத் திறந்தால் தெருவுக்கே தகரம். அதனால் செல்விக்குத் தடை. மூக்குக்காரிக்கு விளக்குமாறு.

ஆனால் பச்சையம்மாளுக்கு ஒரு மனக்குறை இருந்தது. ஏழாம் மாதம் வந்துவிட்டது, மருமகளுக்கு வளையல் போட முடியவில்லை. நாலு பேரைக் கூப்பிட முடியாது. வளையல் கடையும் திறக்கவில்லை. போன பிள்ளைக்கும் வளையல் போடுவதற்குள் அந்த மாதிரி ஆகிவிட்டது. இந்த முறையும் வெறும் கையோடு இருக்கிறாளே என்று செல்வியிடம் போனில் புலம்பியிருக்கிறார்.

இதைக் கேட்டதும் என் புத்தி குறுக்கே ஓடியது. என் தாய்மாமாவுக்குத் திருவண்ணாமலையில் தேரடித் தெருவில் வளையல் கடை. பள்ளிக்கூட லீவில் நானும் அங்கே எத்தனையோ கைகளுக்கு வளையல் ஏற்றியிருக்கிறேன். எலும்பு நோகாமல் கையை மடக்கிக் கண்ணாடி வளையலை உள்ளே விடுவது ஒரு சூட்சுமம். வளையல்காரி பெண்ணின் கையைப் பிடித்து அழுத்துவாள், உருவுவாள், விரல் விரலாக நீவுவாள். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். லேப் டெக்னீஷியனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கிரிவலம் நின்றுபோனதிலிருந்து மாமா கடையைத் திறக்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி விற்று வாழ்ந்த மனிதர், வீட்டில் உட்கார்ந்து மாமியுடன் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியைக் கேட்டதும் ஒரு பார்வை பார்த்தார்.

"சர்க்கார் வேலைதான் வேணும்னு படிச்சிட்டுப் போன. கடைசில எங்க வந்து நிக்கற பாத்தியா?"

"வளையல் குடு மாமூ. வியாக்கியானம் அப்பறம்."

கோமதியிடம் மட்டும் போனில் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் கை, அவள் ரத்தம், அவள் சரி என்று சொன்னால்தான் வருவோம் என்றேன். அவள் களுக்கென்று சிரித்தாள்.

"வாங்கக்கா. அத்தை மூக்கத்தான் தொடக் கூடாதுன்னாங்க. வெரலப் பத்தி ஒண்ணும் சொல்லல."

வாசலில்

ஆகவே இடது கை. செல்வி தெருமுனையில் வண்டியோடு நின்றாள். நான் ஸ்பிரிட் பஞ்சை எடுத்துக் கோமதியின் விரலை நன்றாகத் துடைத்தேன்.

"அது இன்னாது?" என்றார் பச்சையம்மாள்.

"சானிடைசருங்கம்மா. இப்ப இது போடாம யாரையும் தொட மாட்டோம்."

அதற்கும் தலையாட்டினார். பெட்டியின் மூடியை எனக்கும் அவருக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். வளையல் தேடுகிற சாக்கில் துணிக்கு அடியிலிருந்து ஊசியை எடுத்தேன். கோமதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். உதட்டோரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

குத்தினேன். பல வருஷப் பழக்கம், நாக்கு எனக்கு முன்னால் ஓடியது.

"எறும்புதான், எறும்புதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. மூடிக்கு மேலே பார்த்தேன். பச்சையம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஆமா, இங்க எறும்பு ஜாஸ்தி" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "மஞ்ச குங்குமம் எடுத்தாறேன். நீ பொறுமையா போடு."

உள்ளே போனவர் லேசில் வரவில்லை. மஞ்சளை வயலிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிறாரோ என்று நினைத்தேன். அதற்குள் இரண்டு ஸ்லைடிலும் ரத்தம் தடவி, விசிறிக் காயவைத்து, பெட்டிக்குள் பத்திரப்படுத்தி, இடது கைக்குப் பதின்மூன்று வளையலும் ஏற்றிவிட்டேன். தப்பித்தேன் என்று அல்லாவுக்கு நன்றி சொன்னேன்.

வெயிலுக்கு வந்த மைக்ராஸ்கோப்

மூட்டைகளை நானும் செல்வியும் இழுத்துப் போட்டோம். தும்மல் தும்மலாக வந்தது. அந்தக் காலத்தில் இரண்டு தும்மல் போட்டாலே ஆபீசே காலியாகிவிடும். அன்று எங்களுக்கு அது வசதியாகவே இருந்தது.

சாயம் பாட்டிலில் அடியில் கொஞ்சம் இருந்தது. கரண்டு இல்லை. நல்லவேளை, என்னுடையது கண்ணாடி வைத்த பழைய மைக்ராஸ்கோப். ஜன்னலோரம் தள்ளி வெயிலைப் பிடித்தேன். சாயம் போட்ட ஸ்லைடு காய்கிறவரை செல்வி பக்கத்தில் உட்கார்ந்து எறும்பு வருகிறதா என்று காவல் காத்தாள்.

கண்ணை வைத்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஊதிப்போன சிவப்பணுவுக்குள் கல் வைத்த மோதிரம் மாதிரி மலேரியாக் கிருமி. பக்கத்தில் இன்னொன்று. அங்கே ஒன்று. மாதக்கணக்கில் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என் பழைய எதிரியைப் பார்த்ததும் "ஆஹா!" என்று கத்தத் தோன்றியது. கத்தியும்விட்டேன். அடுத்த நொடி வெட்கமாக இருந்தது. ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் ரத்தத்தில் கிருமியைப் பார்த்தா இவ்வளவு சந்தோஷம்?

மாத்திரை கிடைப்பது அடுத்த கூத்து. மலேரியா மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்று செல்போனில் யாரோ கிளப்பிவிட, இருந்த அட்டைகளெல்லாம் மாயமாகிவிட்டன. டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், கொடுப்பதற்கு ஒன்றுகூட இல்லை. அப்போது ஏழுமலை தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு முழு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

"தடுப்புக்குன்னு அப்பவே ஒண்ணு ஒதுக்கி வச்சேன் மேடம். முழுங்கத்தான் தைரியம் வரல. கசக்குமாமே?"

ஒரு அட்டையில் பத்து மாத்திரை. கோமதிக்கு மூன்று நாளைக்கு வேண்டியதும் பத்து. ஏழுமலையின் பயத்துக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

மலேரியா ஊர்வலம்

செல்வி போய்ப் பச்சையம்மாளிடம் விஷயத்தைச் சொன்னாள். மலேரியாதான். கொசுவால் வருவது. மூச்சுக்காற்றில் ஒட்டாது. தகரம் அடிக்கமாட்டார்கள்.

பச்சையம்மாள் நடுத்தெருவில் போய் நின்றார்.

"ஏ கேட்டுக்கோங்க! எம்மருமகளுக்கு மலேரியா! வெறும் மலேரியாதான்!"

பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைத்தால்கூட யாரும் இப்படிக் கூவமாட்டார்கள். அடுத்த நாள் அந்தத் தெருவில் மூன்று வீட்டில் மலேரியா என்றார்கள். அதற்கடுத்த நாள் மேட்டுத் தெருவிலும் மலேரியா. இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த காய்ச்சலெல்லாம் நல்ல பேர் கிடைத்ததும் வெளியே வந்துவிட்டது. நான் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வேறு வழியில்லாமல் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டேன். இரண்டு பேருக்குக் கொரோனாதான். ஒளிந்துகொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. ஏழுமலையின் சுத்தமான நோட்டு ஒரே வாரத்தில் அழுக்காகிவிட்டது. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

விதிப்படி கோமதிக்கும் மூக்கில் எடுத்தோம். இல்லை என்று ரிசல்ட் வருவதற்கு ஐந்து நாள் ஆயிற்று. அதற்குள் அவளுக்குக் குளிர் நின்று, இரண்டு வேளை சோறு கேட்டுச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். மிச்சக் கிருமியை ஈரலில் போய்க் கொல்கிற மாத்திரையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. அதனால் அது தலை தூக்காமலிருக்க வாரம் ஒருமுறை மாத்திரை. செல்வி நின்று விழுங்கவைத்தாள்.

எறும்பு தின்ற பெட்டியில் இருந்த மற்ற பெயர்களையும் எழுதிக்கொண்டு நாங்கள் வீடு வீடாகப் போனோம். கிட்டத்தட்ட எல்லோரையும் பிடித்துவிட்டோம். ஒருத்தியை மட்டும் முடியவில்லை. செங்கல் சூளையில் வேலை பார்த்த பெண், ஐந்தாம் மாதம் என்று செல்வி எழுதியிருந்தாள். சூளை மூடியதும் எங்கேயோ போய்விட்டார்கள். அவளும் என் போன் வரவில்லை என்று நிம்மதியாகப் போயிருப்பாள். இதைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை.

இப்போது என் லேபில் ஒன்றும் இல்லை என்றாலும் போன் செய்கிறேன். போன் பில்லைப் பார்த்து வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார்.

பெட்டி மறுபடி திறந்தது

கோமதிக்குப் பெண் குழந்தை. நல்ல எடை. பிறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும் தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் பார்க்க நானே போனேன். இந்த முறை வேஷமில்லை. சுகாதார நிலையத்தின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. அன்றைக்கு இருந்ததில் மாஸ்க்கும், குழந்தைக்கென்று கொண்டுபோன மாமாவின் வளையல் பெட்டியும் மட்டும் இருந்தன.

பச்சையம்மாள் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தயங்கித் தயங்கி நான் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"சர்தான் உக்காரு" என்றார். "மாசாமாசம் சக்கரைக்கு ரத்தம் பாக்க உன் ஜன்னல்ல வெரல வுட்டவ நானு. உன் கொரலு தெரியாதா எனக்கு?"

"அப்ப அன்னிக்கே..."

"தெருவுல எவளாச்சும் கேட்டா, எனக்குத் தெரியாதுன்னு நான் சாமிமேல சத்தியம் பண்ணணும் இல்ல? அதான் உள்ள போயிட்டேன். மஞ்சள கையில வச்சிக்கினு கதவுக்குப் பின்னாடியே நின்னேன். அன்னிக்குன்னு நீ ஆமை மாதிரி மெதுவா பண்ணிக்கினு இருந்த."

முதல் பிள்ளை போனபோது தான் ஊரில் மாடு மேய்த்துக்கொண்டிருந்ததாகவும், அந்தக் காய்ச்சலை யாராவது பார்த்திருந்தால் தேவலை என்று தினமும் நினைத்ததாகவும் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். கோமதி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு பச்சையம்மாள் குழந்தையின் மூடின கையை மெல்லப் பிரித்து என் மடியில் வைத்தார்.

"இவளுக்கும் ரெண்டு கருப்பு வளையல் போடு" என்றார். "எறும்பு இல்லாம."